எண்ணில் வாராத மழலைகள்



கணக்கெடுப்பாளர் வாயிலில் நின்று, "இவ்வீட்டில் எத்துணைப் பேர்?" என வினவுகின்றார். வீட்டுத் தலைவர் தம்மையும் மனைவியையும் பள்ளி செல்லும் மக்களையும் சொல்கின்றார். தொட்டிலில் உறங்கும் மூன்று திங்கள் மகவு அவர் நினைவுக்கு வருவதில்லை. மகப்பேற்றுக்குத் தாய்வீடு சென்றவளின் குழந்தையை, அவ்வீட்டார் எழுதியிருப்பர் என இவ்வீட்டாரும், இவ்வீட்டார் எழுதியிருப்பர் என அவ்வீட்டாரும் எண்ணிவிடுகின்றனர். ஈரிடத்தும் அம்மகவுக்கு இடமில்லை.

இது புனைந்துரையன்று, எண்களே சான்று. 2001-ஆம் ஆண்டு இந்தியக் கணக்கெடுப்பில் ஐந்து அகவைக்குட்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 11 கோடியே 4 இலக்கம். பத்தாண்டு கழித்து, அவர்களே பத்து முதல் பதினான்கு அகவையினர். இடையில் சிலர் இறந்திருப்பர். ஆதலின் தொகை குறைந்திருத்தல் வேண்டும். 2011-இல் அவ்வகவையினரோ ஏறத்தாழ 13 கோடியே 27 இலக்கம்! இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் எங்கிருந்து முளைத்தனர்? நான்கு அகவைக் குழந்தையை ஐந்தென்று எழுதியது ஒரு கரணியம். எழுதாமலே விட்டது மற்றொரு கரணியம்.

விடுபாட்டை அளக்க இருவழிகள் உண்டு. முதலாவது மறு எண்ணல். கணக்கெடுப்பு முடிந்தபின், தெரிந்தெடுத்த வட்டாரங்களில் மீண்டும் வீடுதோறும் சென்று எண்ணி, ஆளுக்கு ஆள் ஒப்பிடுவர். 1951 முதல் இந்தியாவில் இம்முறை உண்டு. இருமுறை எழுதப்பட்டோரைக் கழித்த பின்னரும், 2011-இல் ஆயிரவர்க்கு 23 பேர் விடுபட்டமை இதனால் தெரியவந்தது. ஆயின், முதன்முறை மகவை மறந்த வாய் மறுமுறையும் மறக்குமே!

இரண்டாவது, பதிவேட்டு வழி. பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்து, குடிபெயர்வையும் கணக்கிட்டால், இருக்கவேண்டிய குழந்தைகளின் தொகை கிட்டும். அமெரிக்காவில் 2020-இல் ஐந்து அகவைக்குட்பட்டோரில் விடுபட்டோர், மறு எண்ணலின்படி மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. பதிவேட்டு வழியிலோ ஐந்து விழுக்காட்டுக்கும் மேல். முதல்வழி ஏறத்தாழப் பாதியை மறைத்துவிட்டது!

இந்தியா முழுமைக்கும் இவ்விரண்டாம் வழி எளிதில் கைகொடாது. வடமாநிலங்கள் பலவற்றில் பிறப்புப் பதிவு நெடுங்காலம் அரைகுறையாகவே இருந்தது. தமிழ்நாட்டிலோ பிறப்புகள் பெரிதும் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. பதிவும் ஏறத்தாழ நிறைவானது. கணக்கெடுப்பு நடுவணரசின் கையில் இருப்பினும், அதனைச் சரிபார்க்கும் துலாக்கோல் தமிழ்நாட்டின் கையில் உள்ளது. அதனைத் தூக்கிப் பார்ப்பது மாநில அரசின் கடமை.

ஒரு மகவு விடுபட்டால் என்ன கேடு? தடுப்பூசியும் பள்ளியும் எண்ணிக்கையைக் கொண்டே திட்டமிடப்பெறுகின்றன. அன்றியும், பேசத் தொடங்காத குழந்தைக்குத் தாய் வழக்கமாகப் பேசும் மொழியையே தாய்மொழியாக எழுதவேண்டும் என்பது கணக்கெடுப்பு விதி. ஆகவே, விடுபட்ட ஒவ்வொரு தமிழ் மகவோடும் ஒரு தமிழ்நாவும் விடுபடுகின்றது. மும்பைத் தாராவியிலும், கோலார் தங்கவயலிலும், மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் தமிழர்க்கு இவ்விழப்பு இருமடங்கு. தமிழ்ப்பள்ளி கேட்கும்போது, "தமிழ்க் குழந்தைகள் எங்கே?" என்னும் வினாவன்றோ முதலில் எழும்!

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு, 2027 மார்ச்சு முதல் நாளைக் குறிநாளாகக் கொண்டு அறிவிக்கப்பெற்றது. அதன்பொருட்டு வாயிலில் வந்து நிற்பவரிடம், ஒவ்வொரு தமிழ்த் தாயும் முதலில் தன் கைக்குழந்தையின் பெயரைச் சொல்லட்டும். பெயரிடாத மகவாயினும், "ஒரு மகவு உண்டு; அதன் தாய்மொழி தமிழ்" என்று சொல்லி எழுதச் செய்யட்டும்!