யூனிஃபார்ம் பத்தாமப் போன கதை

வழக்கமா இங்க மென்பொருள் பத்திப் பேசுவோம். இன்னைக்கு எங்க வீட்டுக் கதை ஒண்ணு. அதுல தப்பு பண்ணவன் நான்தான்.

2021 நவம்பர் 1, திங்கட்கிழமை. தமிழ்நாட்டுல ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் பள்ளிகளை மறுபடி திறந்த நாள். முந்தின நாள் சாயங்காலம் அக்கா, நாலாவது படிக்கிற பையனுக்குப் புது யூனிஃபார்ம் போட்டுப் பார்த்தாங்க. வயசுக்கேத்த சைஸ்தான். தோள்ல சரியா உட்கார்ந்துச்சு, வயித்துல பட்டன் போட முடியல. நான் லேப்டாப்ல இருந்து தலையைத் தூக்கி, "என்னடா பூசணிக்கா"ன்னு சிரிச்சேன். ஒரு வருஷமா அப்படித்தான் கூப்பிட்டுட்டு இருந்தேன். அவன் சிரிக்கல. "மாமா, நாளைக்கு ஸ்கூல்லயும் இப்படித்தான் கூப்பிடுவாங்களா?"ன்னு கேட்டான்.

எனக்குப் பதில் வரல.

2020 மார்ச்சுல லாக்டவுன் வந்தப்போ நான் அக்கா வீட்டுக்கு வந்துட்டேன். ரெண்டு படுக்கையறை ஃபிளாட். ஒரு மூலையில என் ஆபீஸ், இன்னொரு மூலையில அவன் ஆன்லைன் கிளாஸ். கிளாஸ் முடிஞ்சாலும் போன் அவன் கையிலயே இருக்கும். எனக்கு மீட்டிங் இருந்தா அவன் சத்தம் போடாம இருக்கணும், அதனால பிஸ்கட் பாக்கெட்டை நானே பிரிச்சுக் கொடுப்பேன். ராத்திரி பன்னிரண்டுக்குத் தூங்கி, கிளாஸ் தொடங்க அஞ்சு நிமிஷம் இருக்கும்போது எழுந்திருப்பான். அவன் இப்படி ஆனதுக்கு அவனைக் கிண்டல் பண்ண நான் யாரு?

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடினேன். இது எங்க வீட்டுல மட்டும் நடந்ததில்லைன்னு தெரிஞ்சுது. அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையம், சி.டி.சி., 2021 செப்டம்பர்ல ஒரு ஆய்வு வெளியிட்டிருந்தாங்க. 2 முதல் 19 வயசு வரைக்கும் 4,32,302 பேரோட எடை, உயரக் கணக்கு. பெருந்தொற்றுக்கு முன்னாடி இருந்ததை விட, பி.எம்.ஐ. ஏறுற வேகம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகியிருந்துச்சு. 6 முதல் 11 வயசுல அது 2.5 மடங்கு. எங்க பையன் வயசு அதுக்குள்ளதான் வருது.

அப்புறம் கிடைச்ச இங்கிலாந்துக் கணக்கு என்னை இன்னும் யோசிக்க வெச்சுது. அங்க அரசுப் பள்ளிகள்ல 4-5 வயசுல ஒரு தடவை, 10-11 வயசுல ஒரு தடவை குழந்தைங்களோட எடையும் உயரமும் எடுக்கிறாங்க. 2019-20ல சின்னவங்கள்ல 9.9 சதவீதம் பேருக்கு உடல் பருமன். 2020-21ல அது 14.4. பெரியவங்கள்ல 21.0ல இருந்து 25.5. பள்ளிகள் மூடியிருந்ததால அந்த வருஷம் ஒரு பகுதிக் குழந்தைங்களைத்தான் அளந்து மதிப்பிட்டாங்க. ஆனாலும் ஒரே வருஷத்துல இவ்வளவு ஏற்றம்.

அடுத்த வருஷம், 2021-22ல, சின்னவங்க 10.1க்கு இறங்கிட்டாங்க. அதாவது ஏறக்குறைய பழைய இடத்துக்கே. பெரியவங்க 23.4ல நின்னுட்டாங்க. பாதி தூரம்தான் திரும்பி வந்தாங்க.

இதைப் பார்த்ததும் என் வேலையில நடக்கிற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. பழைய சர்வர் ஒண்ணு ஓடிட்டே இருக்கும். அது ஒரே ஒரு வேலைதான் செய்யுதுன்னு நினைச்சு நிறுத்துவோம். நிறுத்தின பிறகுதான் எங்கெங்கேயோ என்னென்னவோ உடையும். அது சத்தமில்லாம பத்து வேலை பார்த்திருக்கும், எந்த டாக்குமென்ட்லயும் எழுதியிருக்காது.

பள்ளிக்கூடமும் அப்படித்தான். பாடத்தை மட்டும் ஆன்லைனுக்கு மாத்தினோம். காலைல எழுப்பி விடுற வேலை, மணி அடிச்சாத்தான் சாப்பாடுங்கிற ஒழுங்கு, இன்டர்வெல்ல ஓடுறது, பி.டி. பீரியட், மாடிப்படி ஏறி இறங்குறது, பகல் முழுக்க கைக்கெட்டாத முறுக்கு டப்பா. இதையெல்லாம் யாரும் மாத்தல. அதுக்கு வீட்டுல ஆளும் இல்ல, இடமும் இல்ல. கிருமி பரவாம இருக்கப் பள்ளியை மூடினாங்க, அதைக் குறை சொல்லல. ஆனா அந்த மாசங்கள்ல ஏறின எடைக்குக் குழந்தையோட வாயைக் குறை சொல்றது நியாயம் இல்ல.

குழந்தைகள் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். பெரியவங்க மாதிரி 25, 30ன்னு ஒரே பி.எம்.ஐ. எண்ணை வெச்சு குழந்தையைப் பார்க்க முடியாது, வயசையும் ஆணா பெண்ணாங்கிறதையும் சேர்த்து வளர்ச்சி அட்டவணையில பார்க்கணும்னு சொன்னார். "பட்டினி போடாதீங்க. இவன் வளர்ற பையன். எடை இப்படியே நின்னா போதும், உயரம் வந்து சேர்ந்துக்கும்"னார். எங்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனா இது எங்க பையனுக்குச் சொன்னது. உங்க குழந்தைக்கு உங்க டாக்டரைக் கேளுங்க.

நாங்க செஞ்சது பெரிய விஷயம் எதுவும் இல்ல. ஒன்பதரைக்குத் தூக்கம். 6 முதல் 12 வயசுக் குழந்தைக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேணும். சாப்பிடும்போது யார் கையிலயும் போன் கிடையாது, என் கையிலயும்தான். குளிர்பானம் வீட்டுக்கு வர்றதை நிறுத்தினோம். உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு சராசரியா 60 நிமிஷம் ஓடியாடணும்னு சொல்லுது. சாயங்காலம் அஞ்சரைக்கு என் காலண்டர்ல "கிரிக்கெட்"னு பிளாக் பண்ணி வெச்சேன். முதல் வாரம் எனக்குத்தான் மூச்சு வாங்குச்சு.

ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி, அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே இன்னொண்ணு செஞ்சேன். அவன் பக்கத்துல போய் உட்கார்ந்து, "நான் அப்படிக் கூப்பிட்டது தப்புடா, இனிமே கூப்பிட மாட்டேன்"னு சொன்னேன். "யாராவது கூப்பிட்டா?"ன்னு கேட்டான். "என்கிட்ட வந்து சொல்லு"ன்னேன். அடுத்த நாள் அக்கா பட்டனைக் கொஞ்சம் தள்ளித் தைச்சுக் கொடுத்தாங்க, போயிட்டு வந்தான்.

அவன் எடை எவ்வளவு குறைஞ்சுதுன்னு கேட்காதீங்க, அது அவனோட விஷயம். உங்க வீட்டுலயும் ஒரு குழந்தைக்கு இப்படி ஒரு பட்டப்பேர் இருந்தா, இன்னைக்கே அதை நிறுத்திடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.