எல்லைக்கு வெளியே நிற்பவர்: மருத்துவ நிர்வாகக் கல்வியும் தோட்டத் தமிழரும்



மொழிக்கென அமைந்த மன்றத்தில் மருத்துவ நிர்வாகத்தைப் பற்றிப் பேச வேண்டிய தேவை என்ன என்று சிலருக்குத் தோன்றலாம். பல்கலைக்கழகத்தில் இத்துறையைக் கற்பிப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இரண்டும் நெருங்கிய உறவினர் என்பதை இன்று எடுத்துரைக்க விழைகிறேன்.

மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்க்கிறார். நிர்வாகி, அந்த மருத்துவரிடம் வந்து சேராத நோயாளியைப் பார்க்க வேண்டும். மருந்து இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. இருந்தும் யார் விடுபட்டுப் போனார், ஏன் விடுபட்டார் என்று கேட்பதே எங்கள் துறையின் முதற்பாடம். இந்தப் பாடத்துக்கு நம் தோட்டங்களைவிடச் சிறந்த பாடநூல் இல்லை.

நிலம் கற்பித்த பாடம்

1911ஆம் ஆண்டில், கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளரின் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு அறுபதைத் தாண்டியிருந்தது. இவர்கள் முதியவர்களோ நோயாளிகளோ அல்லர். உடலுறுதி பார்த்துக் கப்பல் ஏற்றப்பட்ட இளைஞர்கள். நோயுற்று ஊருக்குத் திரும்பி, நாகப்பட்டினத்துக்கு அப்பால் தம் கிராமத்தில் கண்மூடியவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. என் மாணவர்களிடம் ஒரு புள்ளிவிவரத்தைக் காட்டும்போதெல்லாம், “இதில் இல்லாதவர் யார்?” என்று கேட்கும் வழக்கம் எனக்கு இந்தக் கணக்கைப் படித்த பிறகே வந்தது.

அம்மரணங்களுக்குப் பெருங்காரணம் மலேரியாக் காய்ச்சல். கொசுவுக்கும் அக்காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை 1897இல் ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்தார். நான்காண்டுகள் கழித்து, 1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் அந்த அறிவை நிலத்தில் இறக்கினார். கிள்ளான் சமவெளியில் காட்டை வெட்டி, சதுப்பு நீரை வடித்தார். காய்ச்சல் வெகுவாகத் தணிந்தது. ஆனால் அதே முறை மலைச்சரிவுத் தோட்டங்களில் பயன் தரவில்லை. காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் மிகுந்தது.

காரணம் எளியது. சமவெளியில் நோய் பரப்பிய கொசு, நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. மலையடிவாரத்துக் கொசுவோ, வெயில் படும் தெளிந்த ஓடை நீரை நாடுவது. மரங்களை அகற்றியதும் ஓடைகள் மீது வெயில் விழுந்தது. கொசுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்ததாயிற்று. பின்னர் ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தியும், நீர்மேல் எண்ணெய் தெளித்துமே நோயை அடக்க முடிந்தது. 1920களில் இறப்பு விகிதம் பெரிதும் குறைந்தது.

தித்திவங்சா மலைத்தொடரின் அடியில் வாழும் பீடோர் மக்களுக்கு இதன் பொருள் விளங்கும். கிள்ளானுக்குப் பொருந்திய சுற்றறிக்கை மலையடிவாரத்தில் உயிரைக் குடிக்கலாம். ஓரிடத்தின் வெற்றியை மற்றோர் இடத்தில் அப்படியே நகலெடுப்பது நிர்வாகமாகாது.

டிரெசர் என்னும் பாலம்

காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுத்த கையோடு, கொய்னாவையும் கொடுத்து விழுங்கச் செய்த காலம் ஒன்று இருந்தது. அதைக் கொடுத்தவர் பெரும்பாலும் நாம் டிரெசர் என்றழைத்த மருந்தக உதவியாளர். புண்ணுக்குக் கட்டுப் போட்டவர் அவர். எவரை வேலைக்கு அனுப்பலாம், எவரை லயத்தில் படுக்க வைக்கலாம், எவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்தவரும் அவரே. மருத்துவர் எப்போதாவது வந்து போவார். டிரெசர் அங்கேயே குடியிருந்தார்.

அவர் செய்த இன்னொரு பணி எந்தப் பதவி விளக்கத்திலும் எழுதப்படவில்லை. “மேலு காயுது”, “நெஞ்சு கரிக்குது”, “தலைய சுத்துது”, “கையும் காலும் ஓஞ்சு போச்சு” என்று தொழிலாளி சொன்னதை அவர் ஆங்கிலத்தில் பதிவேட்டில் எழுதினார். துரையின் உத்தரவைத் தமிழாக்கித் தொழிலாளியிடம் சொன்னார். தோட்ட மருத்துவம் முழுவதும் அந்த ஒரு மனிதரின் மொழிபெயர்ப்பின் மேல் நின்றது. அவர் பரிவுள்ளவராக இருந்த இடத்தில் மருந்தகம் மக்களுடையதாயிற்று. அதிகாரத்தின் பக்கம் சாய்ந்த இடத்தில், “நடிக்கிறான்” என்ற ஒரு சொல்லிலேயே நோய் முடிந்து போயிற்று.

இத்தகையோரின் பதிவை ஒழுங்குபடுத்தத் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் 1965இல்தான் வந்தது. மக்களுக்கு மிக அருகில் நின்றவருக்குச் சட்டத்தின் ஏற்பு இவ்வளவு பிந்தியே கிட்டியது.

வேலிக்கு அப்பால்

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் நம் நாடு உருவாக்கிய கிராமச் சுகாதாரச் சேவை உலகம் மதித்த அமைப்பு. ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு தலைமைச் சுகாதார நிலையம், பத்தாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம், இரண்டாயிரம் பேருக்கு ஒரு மருத்துவச்சி மனை என்று மூன்றடுக்காக அது அமைந்தது. 1970களில் அதுவே இருபதாயிரத்துக்கு ஒரு நிலையம், நாலாயிரத்துக்கு ஒரு கிராம மருந்தகம் என்று இரண்டடுக்காயிற்று. நாட்டுப்புறத் தாய்சேய் மரணத்தைக் குறைத்ததில் அதன் பங்கு பெரிது.

ஆனால் தோட்டம் தனியார் நிலம். தொழிலாளியின் நலம் முதலாளியின் பொறுப்பு என்பது சட்டத்தின் நிலை. எனவே அரசுச் சேவை பெரும்பாலும் தோட்டத்து வேலியோடு நின்றது. வேலிக்கு இந்தப் பக்கம் கம்பத்தில் பிள்ளை பெற்றவளுக்கு அரசு மருத்துவச்சி; அந்தப் பக்கம் லயத்தில் பிள்ளை பெற்றவளுக்குத் தோட்ட நிர்வாகத்தின் மனமும் வரவுசெலவும். இருவரும் ஒரே மழையில் நனைந்தவர்கள். இங்கே எவரும் கொடுமை செய்ய எண்ணியதாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பொறுப்புகளுக்கு நடுவே ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டின்மேல் ஒரு சமூகம் குடியிருந்தது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம் முதலாளியின் கடமைகளை மீண்டும் வரையறுத்தது. அதற்குள் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், பால்மரம் போய்ச் செம்பனை வந்தும், மக்கள் பட்டணங்களுக்குப் பெயரத் தொடங்கிவிட்டனர்.

கற்பித்தவர்கள்

இக்குறைகளைக் காணும் கண்ணைப் பல்கலைக்கழகம் தர முடியுமா? தர முயன்ற இருவரை நினைவுகூர்கிறேன்.

ஒருவர் ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார். மகப்பேற்று மருத்துவப் பேராசிரியர். 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1961இல் புதுதில்லியில் கூடிய உலகச் சுகாதாரப் பேரவையின் தலைவர். இந்திய அரசு அமைத்த சுகாதார ஆய்வுத் திட்டக் குழுவின் தலைவராக அதே ஆண்டில் அவர் அளித்த அறிக்கையின் மையக் கருத்து ஒன்று உண்டு: புதிய ஆரம்பச் சுகாதார நிலையங்களைத் திறந்துகொண்டே போவதற்கு முன், இருப்பவற்றை வலுப்படுத்துங்கள். நாடாவை வெட்டித் திறப்பது எளிது. திறந்த கதவுக்குப் பின்னால் ஆளும் மருந்தும் இருக்கச் செய்வதே அரிது. ஆசிரியராக வாழ்ந்தவருக்கே அந்த வேறுபாடு கண்ணில் படும்.

மற்றவர் டி. ஜே. தனராஜ். நுரையீரலைத் தாக்கும் ஒருவகை இயோசினோபீலியா நோய்க்கான சிகிச்சை ஆய்வால் அறியப்பட்டவர். மலாயாப் பல்கலைக்கழகம் 1962இல் சிங்கப்பூரிலிருந்து பிரிந்து தனித்து நின்றபோது கோலாலம்பூரில் மருத்துவப் புலம் தேவைப்பட்டது. அதன் முதல் புலத்தலைவர் அவரே. 1964இல் முதல் மாணவர்கள் சேர்ந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் பல்கலைக்கழக மருத்துவமனையும் எழுந்தது. பாடத்திட்டம், ஆசிரியர், கட்டடம், நோயாளி ஆகிய நான்கையும் ஒரே காலத்தில் ஒன்றாக இணைத்த அந்த உழைப்பே மருத்துவ நிர்வாகத்தின் செயல்முறைப் பாடம். இந்நாட்டு மருத்துவக் கல்வியின் வளர்ச்சியையும் சிக்கல்களையும் பற்றி 1988இல் அவர் நூலும் வெளியிட்டார். கட்டியவரே குறைகளையும் எழுதி வைத்தது நம் மாணவர்க்கு நல்ல முன்மாதிரி.

இத்துறை ஆசிரியரின் வாழ்க்கையில் கைதட்டல் குறைவு. அறுவை செய்தவரை நோயாளி நினைவில் வைத்திருப்பார். மருந்து தீர்ந்து போகாமல் பார்த்துக்கொண்டவரை யாரும் நினைப்பதில்லை. அவருக்குக் கற்பித்தவரைக் கேட்கவே வேண்டாம். நிகழாமல் போன மரணத்துக்கு நன்றி சொல்ல ஆளில்லை.

இன்றைய ஓடை

இன்று மலேரியா நம் வாசலில் இல்லை. அதன் இடத்தில் நீரிழிவு வந்து அமர்ந்திருக்கிறது. நாட்டின் சுகாதார ஆய்வுகள் இந்திய வம்சாவளியினரிடையே அது மிகுந்திருப்பதைத் தொடர்ந்து காட்டி வருகின்றன. மலேரியாவை ஓடையில் எண்ணெய் தெளித்து அடக்கினோம். நீரிழிவுக்குத் தெளிக்க எண்ணெய் கிடையாது. ஒவ்வொருவரோடும், மாதந்தோறும், ஆண்டுக்கணக்கில் பேச வேண்டும். அரசு மருந்தகத்தில் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம். ஆனால் அங்கே பாட்டிக்கும் மருத்துவருக்கும் நடுவில் நிற்க, பழைய டிரெசர் இல்லை.

இங்கேதான் மொழிமன்றத்தின் கடமை தொடங்குகிறது. நம் மூத்தோர் இந்நோயை “இனிப்பு நீர்” என்பர். நாம் துண்டறிக்கையில் “நீரிழிவு” என்று அச்சிடுகிறோம். தமிழ்நாட்டார் “சர்க்கரை வியாதி” என்பர். தூய சொல்லை நான் மறுக்கவில்லை. ஆனால் அறிக்கையைக் கையில் வாங்கிய பாட்டி, “இது வேற ஏதோ சீக்கு” என்று மடித்து வைத்துவிட்டால், நம் தூய்மை யாருக்குப் பயன்பட்டது? இரண்டு சொல்லையும் அருகருகே அச்சிடுவோம். வழக்குச் சொல் கதவைத் திறக்கட்டும். நூற்சொல் உள்ளே வந்து அமரட்டும்.

ஆகவே இம்மன்றத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். பீடோர், தாப்பா, சுங்கை வட்டாரங்களில் இன்னும் நம்மிடையே வாழும் முன்னாள் டிரெசர்களையும் ஆயாக்களையும் தேடிச் சென்று, அவர்கள் காதால் கேட்ட நோய்ச்சொற்களைத் திரட்டுங்கள். இரண்டாவதாக, அச்சொற்களை இளம் மருத்துவர்களும் தாதியரும் பயன்படுத்தத்தக்க சிறு கையேடாக்கி, மலாய் விளக்கத்தோடு மருந்தகங்களுக்குக் கொடுங்கள். தமிழ் அறியாத மருத்துவரும் “நெஞ்சு கரிக்குது” என்பதற்கும் “நெஞ்சு அடைக்குது” என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய வேண்டும். முன்னது பெரும்பாலும் வயிற்றுப் புளிப்பு. பின்னது மாரடைப்பாக இருக்கலாம். அந்த ஒரு வினைச்சொல்லில் ஓர் உயிர் தங்கியிருக்கக் கூடும்.

வேலிகளை நீக்கும் அதிகாரம் நம்மிடம் இல்லாதிருக்கலாம். வேலிக்கு அப்பால் நிற்பவர் சொல்வதை விளங்கிக்கொள்ளும் மொழி நம்மிடம் உண்டு. அதைத் தொகுத்துத் தருவது நம்மால் இயலும் பணி.