பேப்பர் சரியா இருந்தா படிப்பு நிக்காது
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்துல பாய் மேல உட்கார்ந்து பேசுவேன், அவ்வளவுதான். "உன் பொண்ணோட காலேஜ் பணத்துக்கு நீ அலைஞ்சதைச் சொல்லு, அது போதும்"னு தலைவி அக்கா சொன்னாங்க. அதையே சொல்கிறேன். தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க.

நான் பத்தாவது படிச்சவள். பாஸ் பண்ணினேன். மேலே படிக்க வைக்க எங்கப்பாவால முடியலை. வீட்டுல நாங்க நாலு பிள்ளைங்க. மார்க் ஷீட்டை டிரங்குப் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டாங்க. அப்புறம் அதை வெளியே எடுத்தது என் கல்யாணத்தப்போதான். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேர்ல திருமண உதவித் திட்டம் இருந்தது இல்லையா, அதுக்குப் பொண்ணு பத்தாவது படிச்சிருக்கணும். என் படிப்பு ஒரே ஒரு தடவை உதவிச்சு. அதுவும் கல்யாணத்துக்கு.

அதே அம்மையார் பேர்ல இருந்த திட்டத்தை 2022-ல் அரசாங்கம் மாத்திடுச்சு. கல்யாணத்துக்குக் கொடுத்த பணத்தைப் பொண்ணுங்க காலேஜ் படிக்கக் கொடுக்கலாம்னு முடிவு பண்ணினாங்க. அதுதான் புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி ஆரம்பிச்சாங்க. அது யாரோட பிறந்த நாள்னு திருத்தணிக்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1888-ல் நம்ம ஊர்ல பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் ஐயாவும் உதவித்தொகை வாங்கித்தான் படிச்சவர். அவர் நாட்டுக்கே ஜனாதிபதி ஆனார். அதனால உதவிக்கு எழுதிப் போடுறது கௌரவக் குறைச்சல்னு யாரும் நினைக்க வேண்டாம். எங்க வீட்டுக்காரர் முதல்ல அப்படித்தான் நினைச்சார்.

ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணு காலேஜ், டிப்ளமா, ஐ.டி.ஐ. எதுல சேர்ந்தாலும் மாசம் 1,000 ரூபாய், படிப்பு முடியுற வரைக்கும் அவ கணக்குக்கே வரும். 2024 டிசம்பர் கடைசியிலிருந்து, அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்ச பொண்ணுங்களுக்கும் உண்டு. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம், 2024 ஆகஸ்ட் மாசம் வந்தது. இதுக்கு வருமான வரம்பு கிடையாது. ஒரு வீட்டுல ரெண்டு பொண்ணு படிச்சா ரெண்டு பேருக்கும் உண்டு. வேற உதவித்தொகை வாங்கினாலும் இது தனியா வரும். தபால் வழிப் படிப்புக்கு மட்டும் கிடையாது. விண்ணப்பம் காலேஜ் மூலமாத்தான் போகும். எந்தக் கடையிலயும் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

இப்போ என் கதைக்கு வரேன்.

என் பெரிய பொண்ணு அரசுப் பள்ளியில பன்னிரண்டாவது முடிச்சு, போன வருஷம் அரசு கலைக் கல்லூரியில பி.காம். சேர்ந்தா. எங்க வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுறவர். நூல் வரலைன்னா வேலை இல்லை. நான் வீட்டு வேலை போக, மலையடிவாரத்துக் கடைக்குப் பூ கட்டிக் கொடுக்கிறேன். கிருத்திகைன்னா நாலு காசு வரும், மத்த நாள்ல கையைக் கடிக்கும். சேர்க்கைக்கும் புத்தகத்துக்கும் குழுவுல 6,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். புதுமைப் பெண் பணம் வந்தா மாசாமாசம் அடைச்சுடலாம்னு கணக்குப் போட்டேன்.

கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு எல்லாம் பணம் வந்துச்சு. என் பொண்ணுக்கு வரலை. அடுத்த மாசமும் வரலை. செமஸ்டர் பீஸ் கட்டுற நாள் வந்துடுச்சு.

நம்ம ஊர் முனைக்கு விடியக்காலையில கம்பெனி பஸ் வருது, எல்லாருக்கும் தெரியும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போறது. பிளஸ் டூ முடிச்ச பொண்ணுங்க அதுல போறாங்க. என் பொண்ணோட சிநேகிதி ஒருத்தி முதல் சம்பளத்துல அவ அம்மாவுக்கு மிக்சி வாங்கிக் கொடுத்தா. அன்னைக்கு ராத்திரி என் பொண்ணு சொன்னா: "அம்மா, நானும் போறேன். நீ கடனுக்குப் பூ கட்டுறதைப் பார்க்க முடியலை." அவங்கப்பா ஒண்ணும் பேசலை. பேசாம இருந்தா சரின்னுதான் அர்த்தம். நான் அன்னைக்குத் தூங்கலை. என் மார்க் ஷீட்டைப் பெட்டியில வெச்சுப் பூட்டின சத்தம்தான் காதுல கேட்டுச்சு. "பொங்கல் வரைக்கும் பொறு"ன்னு மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலேஜுக்குப் போனேன். உதவித்தொகை பார்க்கிற மேடம் கம்ப்யூட்டர்ல பார்த்துட்டு, "விண்ணப்பம் சரியா இருக்கும்மா, பணம்தான் கணக்குல சேராம திரும்புது. ஆதார் எந்தக் கணக்கோட சேர்ந்திருக்குன்னு பாருங்க"ன்னாங்க. பேங்குக்குப் போனேன். அவங்க பாஸ்புக்கைப் பார்த்துட்டு, ஆதார் கொடுத்திருக்கீங்க, எல்லாம் சரியா இருக்குன்னாங்க. ரெண்டு தடவை போயும் அதே பதில்தான். ரெண்டு நாள் பூ வேலை போச்சு.

கடைசியில நம்ம குழு கணக்கு எழுதுற பொண்ணுதான் கண்டுபிடிச்சா. ஆதார் வெப்சைட்டுல போனா, நம்ம ஆதார் எந்த பேங்கோட இணைஞ்சிருக்குன்னு காட்டும். பார்க்கணும்னா ஓ.டி.பி. வரணும். ஓ.டி.பி. போனது எங்க வீட்டுக்காரர் எப்பவோ தொலைச்ச நம்பருக்கு! ஆதார் மையத்துக்குப் போய் நம்பர் மாத்தி, சில நாள் காத்திருந்து, மறுபடி பார்த்தோம். அப்போதான் தெரிஞ்சுது. என் பொண்ணு ஏழாவது படிக்கும்போது ஸ்கூல் உதவித்தொகைக்குன்னு வேற ஒரு பேங்குல கணக்கு ஆரம்பிச்சிருந்தோம். நாங்க அதையே மறந்துட்டோம். வருஷக்கணக்கா வரவு செலவு இல்லாம அது முடங்கிப் போச்சு. ஆதார் மட்டும் இன்னும் அங்கேயே கட்டி வெச்சிருக்கு.

இதை நல்லாப் புரிஞ்சுக்கோங்க. ஒரு கணக்குல ஆதார் நகல் கொடுத்துட்டா போதும்னு நாம நினைக்கிறோம். அரசாங்கப் பணம் பாஸ்புக் நம்பரைப் பார்த்து வர்றதில்லை. கடைசியா எந்தக் கணக்கோட ஆதாரை இணைச்சோமோ, அங்கேதான் போகும். வீடு மாறினவங்க போஸ்ட்மேனுக்குச் சொல்லலைன்னா கடுதாசி பழைய வீட்டுக்கே போகும் இல்லையா, அந்த மாதிரி. புதுக் கணக்கு இருக்கிற பேங்குல ஒரு பாரம் எழுதிக் கொடுத்து மாத்தினோம். பொங்கலுக்கு முன்னாடி ஒரு நாள், நான் பூ கட்டிக்கிட்டு இருந்தப்போ என் பொண்ணு போனைக் கொண்டாந்து காட்டினா. 1,000 ரூபாய் வரவு. அவ காலேஜ் பையை எடுத்துக்கிட்டு போனதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துடுச்சு.

என் பொண்ணு தப்பிச்சா. எல்லாரும் தப்பிக்கலை. நம்ம அக்கா ஒருத்தங்க, இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க, அவங்க சம்மதத்தோட சொல்றேன். அவங்க வீட்டுல தெலுங்கு பேசுவாங்க. நம்ம பக்கம் பாதிப் பேர் அப்படித்தானே. தெலுங்குக்காரங்களுக்கு இன்டி பேருதான் முன்னாடி வரும். ஆதார் எடுத்தப்போ இன்டி பேரோட எழுத்தை இனிஷியலாப் போட்டுட்டாங்க. ஸ்கூல்ல அப்பா பேரோட எழுத்து. சாதிச் சான்றுல இனிஷியலே இல்லை. ஒரே பொண்ணு, மூணு பேப்பர்ல மூணு ஆளு! திருத்தி முடிக்கிறதுக்குள்ள அவ கம்பெனி பஸ் ஏறிட்டா. இப்போ பேப்பர் எல்லாம் சரியா இருக்கு. பொண்ணுதான் காலேஜுல இல்லை. வர்ற ஜூன்ல அவளைத் திருப்பிச் சேர்க்கணும், அது நம்ம எல்லார் பொறுப்பு.

இன்னொரு வீட்டுப் பையன் ஆறாவது, ஏழாவது பாட்டி வீட்டுல, நகரியில படிச்சவன். 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டோட சேர்ந்துச்சு, ஆனா சொந்தபந்தம் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்கு. அந்த ரெண்டு வருஷத்தால அவனுக்குத் தமிழ்ப் புதல்வன் கிடைக்கலை. "அப்போ ஒண்ணும் கிடைக்காது"ன்னு அவங்கம்மா விட்டுட்டாங்க. அது தப்பு. ஒரு கதவு மூடினா அடுத்த கதவைத் தட்டணும். கவுன்சிலிங்ல இன்ஜினியரிங் கிடைச்ச பையன், குடும்பத்துல அவனுக்கு முன்னாடி யாரும் டிகிரி முடிக்கலை. முதல் பட்டதாரிச் சான்று வாங்கிக் கொடுத்தோம், கல்விக் கட்டணத்துல சலுகை கிடைச்சுது. இது போக பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குத் தனித்தனி உதவித்தொகை இருக்கு. குடும்ப வருமானம் வருஷம் 2.5 லட்சத்துக்குள்ள இருக்கணும். அதுவும் பத்தலைன்னா கல்விக்கடன். 4 லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாதுன்னு விதி. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தவணை ஆரம்பிக்கும். வங்கி சார் இங்கேயே இருக்கார், கேட்டுக்கலாம்.

அலைஞ்சதுல நான் கத்துக்கிட்டதை ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். அதைப் படிக்கிறேன்.

ஒண்ணு: ஆதார், மார்க் ஷீட், சாதிச் சான்று, பாஸ்புக், நாலுலயும் பேரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கணும். பிள்ளை ஒன்பதாவது படிக்கும்போதே பார்க்கணும். பத்தாவது சான்றிதழ்ல அச்சாயிட்டா அப்புறம் திருத்துறது பெரிய வேலை.

ரெண்டு: ஆதார்ல இருக்கிற போன் நம்பர் இப்போ கையில இருக்கிற நம்பரா இருக்கணும்.

மூணு: பிள்ளை பேர்லயே கணக்கு, அதுல ஆதார் இணைப்பு. இணைஞ்சிருக்கான்னு பேங்குல வாய் வார்த்தையாக் கேட்டு விட்டுடாம, போன்ல கண்ணால பார்க்கணும்.

நாலு: வருமானச் சான்று ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். இ-சேவை மையத்துல எழுதிப் போட்டா வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ்னு போய் வரணும். ரிசல்ட் வந்த பிறகு போனா கூட்டம். ஏப்ரல்லயே போட்டுடணும்.

அஞ்சு: காலேஜ்ல உதவித்தொகை பார்க்கிறவங்க யாருன்னு முதல் வாரமே தெரிஞ்சுக்கணும். கேட்க வெட்கப்படக் கூடாது.

கடைசியா கூட்டமைப்புக்கு ரெண்டு வேண்டுகோள். நாம கடனுக்கு லெட்ஜர் எழுதுறோம், சேமிப்புக்கு எழுதுறோம். பிள்ளைங்க படிப்புக்கும் ஒரு நோட்டுப் போடணும். ஒவ்வொரு குழுவுலயும் ஒன்பதாவதுக்கு மேல படிக்கிற பிள்ளைங்க பேரை எழுதி, யாருக்கு எந்தப் பேப்பர் சரியில்லைன்னு மாசக் கூட்டத்துல கேட்கணும். ரெண்டாவது, உதவித்தொகை வர்றதுக்கு மாசக்கணக்கா ஆகும். அந்த இடைவெளியிலதான் பிள்ளைங்க பஸ் ஏறுறாங்க. ஜூன், ஜூலையில காலேஜ் சேர்க்கிற வீட்டுக்கு உள்கடன்ல முதல் இடம் கொடுக்கணும். தீர்மானம் போட்டா நான் முதல் ஆளா கையெழுத்துப் போடுறேன்.

கம்பெனி வேலை கேவலம்னு நான் சொல்லலை. அதுவும் உழைப்புதான். படிக்கணும்னு ஆசை இருக்கிற பொண்ணு, ஒரு இனிஷியலுக்காகப் போகக் கூடாது, அவ்வளவுதான் நான் சொல்றது.