விட்டுவிட்டு வரும் இணைப்பும் மின்னஞ்சலும்

தொலைபேசியிற் பேசுவதற்கு இருவரும் ஒரே வேளையில் இருத்தல் வேண்டும். ஒருவர் இல்லையாயின் மணி அடித்து ஓய்ந்துவிடும். கடிதத்திற்கு அந்த நியதி இல்லை. எழுதியவர் உறங்கும்போது அது புகையிரதத்திற் பயணஞ் செய்யும். பெறுபவர் வயலில் நிற்கும்போது உப தபாற்கந்தோரில் அவருக்காகக் காத்திருக்கும். மின்னஞ்சல் இவ்விரண்டில் எவ்வினத்தைச் சேர்ந்தது? நொடிப்பொழுதில் வந்து சேர்வதால் அது தொலைபேசியின் இனம் என்றே பலர் எண்ணுவர். உண்மையில் அது கடிதத்தின் இனமாகும். இணையத் தொடர்பு நாள் முழுதும் கிடைக்காத இடங்களிலும் மின்னஞ்சல் நடைபெறக் கூடியதாயிருப்பது இக்காரணத்தினாலேயே.

மின்னஞ்சலை வாங்கி, வைத்திருந்து, உரிய இடத்திற்கு அனுப்பும் கணினியை அஞ்சல் வழங்கி என்பர். அதன் வேலைமுறை உருவானதே தொடர்பு அருமையாயிருந்த காலத்திலேதான். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மைக் லெஸ்க் என்பவர் யூயூசிபி எனப்படும் முறையை அமைத்தார். 1979ஆம் ஆண்டில் யுனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் அது வெளியிடங்களுக்குச் சென்றது. கணினிகள் பகலெல்லாம் கடிதங்களைச் சேர்த்து வைக்கும்; தொலைபேசிக் கட்டணம் குறைந்த இரவு வேளையில் ஒன்றையொன்று அழைத்து அவற்றைக் கையளிக்கும். பெற்ற கணினி அடுத்த கணினிக்கு அனுப்பும். இவ்வாறு கைமாறிக் கைமாறி ஒரு கடிதம் சில நாட்கள் கழித்து ஊர் சேர்வதும் உண்டு.

1982இல் ஜொனதன் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி விதிகள் இன்றைய மின்னஞ்சலுக்கு அடிப்படையாயின. அவ்விதிகளினதும் பின்வந்த திருத்தங்களினதும் உயிர்நாடி ஒன்றே. பெறும் வழங்கி, “ஏற்றுக்கொண்டேன்” என்று விடை பகர்ந்துவிட்டால், கடிதத்தின் பொறுப்பு அதனுடையது. பின்னர் மின்சாரம் நின்றது, இயந்திரம் பழுதாயிற்று என்று அது சாட்டுச் சொல்லலாகாது. ஆகவே கடிதத்தைத் தட்டிற் பத்திரமாகப் பதிந்த பின்னரே அது அவ்விடையைக் கூறவேண்டும். அனுப்பிய வழங்கியும் அவ்விடை காதில் விழும்வரை தன் பிரதியை அழித்தல் ஆகாது. விடை வரும் வழியில் இணைப்பு அறுந்தால், அனுப்பியது மீண்டும் அனுப்பும்; ஒரே கடிதம் இருமுறை சேரும். ஒரு கடிதம் தொலைவதிலும் இரண்டாய் வருவது மேல் என்பதே இவ்விதியின் கருத்து.

வழி அடைபட்டிருந்தால் கடிதம் வரிசையில் நிற்கும். ஒரு முயற்சிக்கும் அடுத்த முயற்சிக்கும் இடையே அரைமணி நேரமாவது செல்லவேண்டும் என்பதும், நான்கு ஐந்து நாட்களாவது முயலாமற் கைவிடலாகாது என்பதும் வழக்கமான நெறி. கைவிடும்போதும் மௌனமாயிருத்தல் கூடாது. காரணத்தைக் கூறி எழுதியவருக்கே திருப்பி அனுப்பவேண்டும். “இப்போது இயலாது” என்பதற்கு 4இல் தொடங்கும் எண்ணும், “என்றுமே இயலாது” என்பதற்கு 5இல் தொடங்கும் எண்ணும் விடையாக வரும். முன்னதற்குக் காத்திருத்தல் வேண்டும். பின்னதற்குக் காத்திருந்து பயனில்லை.

தொடர்பு விட்டுவிட்டு வரும் ஒரு பாடசாலையோ காரியாலயமோ தனக்கென ஒரு வழங்கியை வைத்திருப்பதாகக் கொள்வோம். உள்ளே ஒருவருக்கொருவர் எழுதும் கடிதங்களுக்கு இணையமே வேண்டியதில்லை. வெளியே செல்வனவற்றை அது சேர்த்து வைத்து, இணைப்புக் கிடைத்தவுடன், எப்பொழுதும் விழித்திருக்கும் பெரிய வழங்கி ஒன்றிடம் மொத்தமாகக் கையளித்துவிடவேண்டும். கிடைக்கும் பத்து நிமிடத்தில் உலகெங்குமுள்ள வழங்கிகளைத் தேடி ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருத்தல் கூடாது.

உள்ளே வரும் கடிதங்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். இணையத்தின் பெயர்ப் பதிவில் ஓர் இடத்திற்குரிய வழங்கிகள் இலக்கமிட்டுக் குறிக்கப்படும். சிறிய இலக்கமுடைய வீடு பூட்டியிருந்தால், பெரிய இலக்கமுடைய அயல் வீடு கடிதத்தை வாங்கி வைக்கும். வீட்டுக்காரர் திரும்பியதும், “எனக்குரியவற்றைத் தருக” என்று கேட்கும் முறை 1996இல் வகுக்கப்பட்டது. இணையும் ஒவ்வொரு முறையும் விலாசம் மாறுகின்ற இடங்களுக்கென 1999இல் மற்றொரு முறையும் வந்தது. இங்கே ஒரு சங்கதி கவனிக்கத்தக்கது. அயல் வழங்கி ஐந்து நாட்களே கடிதங்களை வைத்திருக்க, இணைப்பு ஏழு நாட்கள் வராவிட்டால், அத்தனையும் திரும்பிப் போய்விடும். ஆதலால் நேரக்கூடிய மிக நீண்ட தடங்கல் எதுவென எண்ணி, அதற்கு மேலாகத் தவணை வைத்தல் அவசியம்.

இந்நெறி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குக் கம்போடியாவின் வடகிழக்கிலுள்ள ரத்தனகிரி மாகாணம் சான்றாகும். அங்கே தொலைபேசிக் கம்பி எட்டாத கிராமங்களிற் சூரிய ஒளியால் இயங்கும் கணினிகள் பாடசாலைகளில் வைக்கப்பட்டன. 2003இல் வானலைக் கருவி பொருத்திய மோட்டார்ச் சைக்கிள்கள் அப்பாடசாலைகளுக்குச் செல்லத் தொடங்கின. வண்டி பாடசாலையை அணுகியதும், மாணவர் எழுதிய கடிதங்கள் அதிலுள்ள பெட்டிக்கு ஏறும். அவர்களுக்கு வந்தவை பாடசாலைக் கணினியில் இறங்கும். பின்னர் வண்டி மாகாணத் தலைநகராகிய பான்லுங் நகருக்குச் சென்று, அங்குள்ள செய்மதித் தொடர்பு மூலம் கடிதங்களை உலகிற்கு அனுப்பும். செம்மண் பாதையில் ஓடிய மோட்டார்ச் சைக்கிளே அங்கு இணைப்பாயிற்று.

எனினும் இயந்திரம் தன் கடமையைச் செய்தாற் போதாது. விண்ணப்பம் ஒன்றின் இறுதி நாள் வெள்ளிக்கிழமை என வைத்துக்கொள்வோம். வியாழன் மாலை ஒருவர் அதனை அனுப்புகிறார். “அனுப்பப்பட்டது” என்று திரை கூறுகிறது; அவர் நிம்மதியாக வீடு செல்கிறார். கடிதமோ அதே கட்டடத்திலுள்ள வழங்கியில், திங்கட்கிழமை வரவிருக்கும் இணைப்பை எதிர்பார்த்து நிற்கிறது. கடிதம் தொலையவில்லை, ஆயினும் அவருக்கு அது தொலைந்ததற்குச் சமமே. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம்வரை மின்வெட்டு நேர்ந்ததை அறிந்தவர்களுக்கு இது வெறுங் கற்பனையாகத் தோன்றாது.

வீதியோரத்துச் சிவப்புத் தபாற்பெட்டியின் முகத்திற் கடிதம் எடுக்கும் நேரம் குறிக்கப்பட்டிருக்கும். அந்த நேரம் தவறினால் கடிதம் அன்று போகாது என்பதைச் சிறுவரும் அறிவர். வழங்கியைப் பராமரிப்பவரும் அவ்வாறே இணைப்பு வரும் வேளைகளை எல்லோரும் காணும்படி எழுதி வைத்தல் வேண்டும். நாள்தோறும் வரிசையைப் பார்வையிடல் வேண்டும். நாட்கணக்கில் நிற்கும் கடிதத்தைப் பற்றி எழுதியவருக்கு அறிவித்தல் வேண்டும். இணைப்பு அடிக்கடி அறுவது அவருடைய குற்றமன்று. கடிதம் எங்கே நிற்கிறது என்பதை எழுதியவர் அறியாதிருந்தால், அந்தக் குறைக்கு அவரே பொறுப்பாளியாவார்.