மீனின் பூவும் எங்கள் கிணற்று நீரும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



தொண்டைமானாற்றுப் பிள்ளைகளுக்கு மீன் வாங்கக் கற்றுத்தரத் தேவையில்லை. பூவைத் தூக்கிப் பார்ப்போம். நல்ல சிவப்பென்றால் வாங்குவோம். அந்தச் சிவப்பைத் தருவது குருதியிலுள்ள ஈமோகுளோபின். எங்கள் உடலிலும் அதுவே ஓடுகிறது. அதிலுள்ள இரும்புதான் ஒட்சிசனைப் பற்றிச் சுமக்கிறது.

ஆனால் மீனின் பாடு எங்களைவிடக் கடினம். ஒரு லீற்றர் காற்றில் ஏறக்குறைய 210 மில்லிலீற்றர் ஒட்சிசன் உண்டு. எங்கள் நீரேரியின் வெதுவெதுப்பான நீரில் லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் அளவே கரையும். அதனால்தான் பூவில் நீர் ஒரு திசையிலும் குருதி எதிர்த்திசையிலும் ஓடுகின்றன. வழி முழுவதும் குருதியைவிட நீரில் ஒட்சிசன் சற்றுக் கூடுதலாகவே இருப்பதால், அதில் பெரும்பங்கைக் குருதி வாங்கிக்கொள்கிறது.

நீரில் நைத்திரைற்று கூடினால் இந்த ஏற்பாடு குலைந்துவிடும். அது பூ வழியே குருதிக்குள் புகுந்து ஈமோகுளோபினின் இரும்பை மாற்றிவிடும். மாறிய இரும்பு ஒட்சிசனை ஏந்தாது; குருதி கபில நிறமாகும். நீரில் ஒட்சிசன் இருந்தும் மீன் மூச்சுத்திணறும். உப்பு நீரில் இந்த ஆபத்துக் குறைவு. அங்குள்ள குளோரைட்டு நைத்திரைற்றைப் பூவுக்குள் எளிதில் விடாது. நன்னீர் மீனுக்கு அந்தக் காவல் இல்லை.

இதே ஆபத்து எங்கள் கைக்குழந்தைகளுக்கும் உண்டு. 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மருத்துவர் ஹன்ரர் கொம்லி, கிணற்று நீரில் கரைத்த பால் குடித்த குழந்தைகள் நீலம் பாரித்ததை எழுதினார். நீரிலுள்ள நைத்திரேற்று வயிற்றில் நைத்திரைற்றாக மாறியதே காரணம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளே இதில் அதிகம் பாதிக்கப்படுவர்.

எங்கள் குடாநாடு சுண்ணக்கல் நிலம். தோட்டத்துப் பசளையும் மலக்குழிக் கசிவும் கிணற்றை விரைவில் எட்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. இங்குள்ள பல கிணறுகள் அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அது செறிவாகும்.

ஆகவே தங்கைமாரே, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். பால்மா கொடுக்க நேர்ந்தால், பரிசோதிக்காத கிணற்று நீரில் கரைக்காதீர்கள். குழந்தையின் உதடோ நகமோ நீலம் பாரித்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இதற்கு மருந்து உண்டு.

கடல் கடந்து வாழும் அக்காமாரே, ஊரில் வீடு திருத்தக் காசு அனுப்பும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: மலக்குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம்? நீரைப் பரிசோதித்தீர்களா? முடிந்தால் அயல்வீட்டுக் கிணற்றுக்கும் சேர்த்து அனுப்புங்கள். நிலத்தடியில் நீருக்கு வேலி இல்லை.