மகமையும் பெயர்ப் பதிவேடும்

பெருந்தொற்றுக் கால நிவாரணத்தைப் பற்றிப் பேச விருதுநகர் மாவட்டத்தை விடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. நாட்டின் பட்டாசில் ஏறத்தாழ 90 விழுக்காடு சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்தில்தான் தயாராகிறது. 2020-இல் இந்த வட்டாரத்தில் உற்பத்தியை ஊரடங்கு நிறுத்தியது. விற்பனையைத் தடை ஆணைகள் நிறுத்தின. அந்த ஆண்டின் நிவாரணத் திட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துப் பார்க்கையில் எனக்குத் தட்டுப்படுவது இதுதான்: நிவாரணப் பணம் தனக்கென்று புதுப்பாதை வெட்டிக்கொள்வதில்லை, முன்பே வெட்டிய வாய்க்காலில்தான் ஓடுகிறது. ஆள் பேர் எழுதிய பதிவேடும், அவருக்கென்று ஒதுக்கிய நிதியும் ஏற்கெனவே இருந்த தொழிலுக்குப் பணம் விரைந்து போனது. இரண்டும் இல்லாத தொழிலுக்குக் கடன் போனது. அதுவும் வங்கியில் முன்பே கடன் வைத்திருந்தவர்களுக்குத்தான்.

கட்டடத் தொழிலாளர்களை எடுத்துக்கொள்வோம். 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு தீர்வை வசூலாகி, அவர்களுடைய நல வாரியங்களில் சேர்ந்து வந்தது. 2020 மார்ச் 24 அன்று, ஊரடங்கு அறிவிப்பு வந்த அதே நாளில், அந்த நிதியிலிருந்து தொழிலாளரின் வங்கிக் கணக்கில் பணம் செலுத்துமாறு மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. நாடு முழுக்க அந்த நிதியில் சுமார் 52,000 கோடி ரூபாய் இருந்ததாக அப்போது சொல்லப்பட்டது. தமிழ்நாடும் அன்றே, அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் என்பதோடு, கட்டடத் தொழிலாளர்க்கும் ஆட்டோ ஓட்டுநர்க்கும் தனியாக 1,000 ரூபாயும் 15 கிலோ அரிசியும் பருப்பும் எண்ணெயும் அறிவித்தது. மற்ற வாரியங்கள் பிறகுதான் வரிசையில் வந்தன. கொத்தனார் மீது மட்டும் அரசுக்குத் தனிப் பாசம் என்று இதற்குப் பொருளில்லை. பட்டியல் மேசை மேல் இருந்தது, பணம் கணக்கில் இருந்தது, அவ்வளவுதான். பதிவே செய்யாத சித்தாள்கள் அப்போதும் விடுபட்டார்கள் என்பது இதே வாதத்தின் மறுபக்கம்.

சிறுதொழிலுக்கு வந்தது வேறு வகை. 2020 மே 13 அன்று அறிவித்த 3 லட்சம் கோடி ரூபாய் அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டத்தில், பிப்ரவரி 29 அன்று வங்கியில் நிலுவையிலிருந்த கடனில் 20 விழுக்காடு வரை கூடுதல் கடன், புதிய ஈடு கேட்காமல், கிடைத்தது. 10 லட்சம் நிலுவை வைத்திருந்தவருக்கு 2 லட்சம். கைமாற்றிலும் தண்டல் வட்டியிலும் தொழிலை ஓட்டியவருக்கு 20 விழுக்காடு என்பது பூஜ்யத்தின் 20 விழுக்காடு. நாக்பூரிலுள்ள மத்திய வெடிபொருள் அலுவலகத்தின் லைசென்ஸ் வைத்திருக்கும் பெரிய ஆலைக்கு வங்கிக் கணக்குக்குக் குறைவில்லை. 15 கிலோ வெடிமருந்து வரம்போடு மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.) தரும் லைசென்ஸில் ஓடும் சின்ன ஆலையின் நிலை அப்படியல்ல. கடன் கிடைத்தவருக்கும் காலம் ஒத்துவரவில்லை. பட்டாசுக்கென்று ஓர் ஆண்டுக் கணக்கு உண்டு. பங்குனி, சித்திரை வெயிலில்தான் சரக்கு நன்றாகக் காயும். ஊரடங்கு சரியாக அந்த வெயிலைத்தான் தின்றது. ஆடிப்பெருக்கில் வியாபாரம் சூடுபிடிக்கும். வடமாநில வியாபாரியிடமிருந்து பாக்கி வசூலாவது தீபாவளிக்குப் பிறகு. கூலியோ வாராவாரம் கொடுத்தாக வேண்டும். அசலுக்கு ஓராண்டு தவணை விலக்கு இருந்தும் வட்டி நிற்கவில்லை. 2020 ஜூலையில் வாங்கிய கடனின் அசல் தவணை 2021 ஜூலையில், அதாவது இரண்டாம் அலை ஊரடங்கின் கையோடு, உற்பத்திக்குப் பணம் தேவைப்படும் நேரத்தில் வந்து நின்றது.

ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. காப்பீடு இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வேலை இழந்தவர்களுக்குச் சராசரிக் கூலியில் 25 விழுக்காடாக இருந்த உதவியை 2020-இல் ஈ.எஸ்.ஐ. கழகம் 50 விழுக்காடாக உயர்த்தி, 90 நாள் வரை தந்தது. ஆனால் இரண்டு ஆண்டு காப்பீட்டோடு, வேலை போவதற்கு உடனே முந்தைய ஆறுமாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஊரடங்கால் ஏப்ரலில் வேலை போனவருக்கு அந்தக் காலம் 2019 அக்டோபரில் தொடங்குகிறது. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 27. தீபாவளி முடிந்தால் ஆலைகள் சில வாரம் பூட்டிக் கிடப்பது இங்கே வழக்கம். ஆண்டு முழுக்க ஒரே சீராக ஓடும் நூற்பாலையை மனத்தில் வைத்து எழுதிய விதி, பருவத்தில் ஓடும் பட்டாசு ஆலைக்குள் நுழையும்போது தலை இடிக்கிறது. செய்த எண்ணிக்கைக்கு, குரோஸ் கணக்கில் கூலி வாங்குபவரின் வேலைநாள் ஏட்டில் முழுதாக ஏறியதா என்பது அடுத்த சிக்கல். வீட்டுத் திண்ணையில் காகிதக் குழாய் சுருட்டும், பெட்டி ஒட்டும் பெண்களோ எந்த ஆலையின் ஏட்டிலும் இல்லை.

இனி தடை ஆணைகள். 2020 தீபாவளி நவம்பர் 14. அதற்கு முந்தைய இரண்டு வாரத்துக்குள் ராஜஸ்தானும் ஒடிசாவும் டெல்லியும் பட்டாசைத் தடுத்தன. கல்கத்தா உயர்நீதிமன்றம் வங்கத்தில் தடுத்தது. நவம்பர் 9 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலைநகர் வட்டாரம் முழுவதற்கும் மாத இறுதி வரை தடை விதித்தது. நுரையீரலைத் தாக்கும் நோய் பரவும்போது புகையைக் குறைக்கச் சொன்னதில் தவறில்லை. அதை எதிர்த்துப் பேச நான் வரவில்லை. சரக்கு போய் இறங்கிய பிறகு வந்த ஆணையின் செலவு யார் தலையில் விழுந்தது என்பதுதான் என் கேள்வி. அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று ஜெர்மனியும் புத்தாண்டுப் பட்டாசு விற்பனையைத் தடுத்தது. அங்கே சிறுதொழிலுக்கான இடைக்கால உதவித் திட்டம் ஏற்கெனவே நடப்பில் இருந்ததால், அதில் பட்டாசுத் தொழிலுக்கென்று தனி ஏற்பாட்டைச் சேர்த்தார்கள்; விற்காத சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்து கிடங்கில் வைக்கும் செலவு கூட அதில் அடங்கியது. ஜெர்மனி பணக்கார நாடு என்று சொல்லி இதைத் தள்ளிவிட வேண்டாம். அங்கே வாய்க்கால் இருந்தது, மடையைத் திறந்தார்கள்.

கடன்தான் ஆலையைக் காப்பாற்றியது, ஆலை திறந்திருந்தால்தானே கூலி என்பார்கள் சிலர். பாதி ஒப்புக்கொள்கிறேன். மே மாதம் குறைந்த ஆட்களோடு ஆலைகள் திறந்தபோது கையில் ரொக்கம் இருந்தவர்களால்தான் மருந்தும் காகிதமும் வாங்க முடிந்தது. ஆனால் கடன் முதலாளியின் ரொக்கத் தட்டுப்பாட்டுக்கு மருந்து, தொழிலாளி இழந்த வாரக்கூலிக்கு அல்ல. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. பேரியத்துக்கும் சரவெடிக்கும் 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் விதித்த தடையிலிருந்தே மூச்சுத் திணறும் தொழில், 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் கட்டுகிறது, அதன் மேல் இன்னொரு தீர்வையா? புதிதாக வசூலிக்க வேண்டியதில்லை என்பது என் பதில். கட்டிக்கொண்டிருக்கும் வரியில் ஒரு சிறு பங்கை, பீடித் தொழிலாளருக்கு 2017 வரை தனித் தீர்வை இருந்தது போல, பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் வாரியத்துக்கென்று ஒதுக்கலாம். அந்த வாரியத்தின் பதிவேட்டில் தாராளமாக எழுதினால் போலிப் பெயர் ஏறும் என்ற அச்சமும் உண்டு. ஏறும்தான். போலிகளை அமைதிக் காலத்தில் கழிக்கலாம். விடுபட்டவரை ஊரடங்கு நாளில் தேடிப்பிடித்துச் சேர்க்க முடியாது.

விற்கும் சரக்கில் ஒரு பங்கை எடுத்துவைக்கும் யோசனை இந்த மண்ணுக்குப் புதிதுமல்ல. விருதுநகருக்கு விருதுபட்டி என்று பெயர் இருந்த காலத்தில், சரக்கு கைமாறும்போதெல்லாம் ஒரு சிறு பங்கை மகமையாகப் பிடித்துச் சேர்த்த பணத்தில் பொதுக்காரியம் நடத்திய ஊர் இது. 1889-இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலாவுக்கு வீடுவீடாகப் பிடியரிசி வந்து சேர்ந்தது. காமராசர் படித்த பள்ளி அது. அந்த மகமை ஒரு சமூகத்தின் எல்லைக்குள் நின்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்று வேண்டிய நிதியில் பட்டாசுக்குள் மணிமருந்து செலுத்துபவரின் சாதியைக் கேட்க இடமே இருக்கக் கூடாது. திண்ணையில் குழாய் சுருட்டும் பெண் மூன்று ஏஜெண்டுகளிடம் வேலை வாங்குகிறார். அவரை யாருடைய ஏட்டில் எழுதுவது, அவருடைய ஒரு நாளை எப்படி அளப்பது என்பதற்கு என்னிடம் முழு விடை இல்லை. இந்த அவையின் முதல் அமர்வு அந்தக் கேள்வியிலேயே தொடங்கட்டும்.