கனவும் சான்றும்



திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளின் இரவுப்பணி மின்சாரத்தை நம்பியது. மலிவான ஆற்றல் என்னும் சொல்லில் அங்குள்ளோர் ஊதியமும் அடங்கியிருக்கிறது.

ஞாயிற்றின் கருவில் ஒன்றரைக் கோடிப் பாகை வெப்பத்தில் நிகழும் அணுக்கரு இணைவைக் கனநீரும் பல்லேடியமும் கொண்டு மேசைமேல் நிகழ்த்தியதாக, 1989 மார்ச்சு 23 அன்று அமெரிக்காவின் யூட்டாவில் பிளெய்ஷ்மனும் பான்சும் அறிவித்தனர். அவ்வாண்டே டிராம்பேயில் பாபா அணு ஆய்வு மையத்தாரும் நியூட்ரானும் டிரிட்டியமும் கண்டதாக எழுதினர். ஆயின், அறிவித்த வெப்பத்திற்கு ஈடான நியூட்ரான்கள் வெளிப்படவில்லை. பிற ஆய்வுக்கூடங்கள் பல முயன்றும் அவ்விளைவு கிட்டவில்லை. 2011இல் சென்னையில் பதினாறாம் பன்னாட்டு மாநாடு கூடியது; வழக்கு தீரவில்லை. அவ்வழியில் இயங்கும் மின்நிலையம் இன்றும் எங்கும் இல்லை.

கவிதைக்கு ஒருமுறை வாய்த்தாலே போதும்; ஆய்வோ அயலார் கையிலும் வாய்க்க வேண்டும். ஏழையின் தேவை எத்துணைப் பெரிதாயினும் அது சான்றாகாது.